பத்திலிருந்து ஐந்து வரை

சரியாகப் பத்து மணிக்கு என் லேப்டாப்பில் இணையம் நின்றது. நேர்காணல் பதினொன்றரைக்கு.

வைஃபை குறி முழுதாக இருந்தது. அதன் கீழே 'இணையம் இல்லை' என்று இருந்தது. மேசையில் கிடந்த என் போன் அதே வைஃபையில்தான் இருந்தது. அது நன்றாக வேலை செய்தது. என்னோடு படித்த சஹானா, "ஆல் த பெஸ்ட் டீ, பயப்படாம வாயத் தொறந்து பேசு" என்று அனுப்பியிருந்தாள்.

இது இரண்டாவது முறை. இரண்டு வாரத்துக்கு முன்பு இதே நேர்காணலுக்கு இதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றும் இப்படித்தான் நின்றது. மறுநாள் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதை எழுத எனக்கு அரை நாள் ஆனது. இன்னொரு வாய்ப்பு தருகிறோம், இதற்கு மேல் தர இயலாது என்று பதில் வந்தது.

வேலை விசாகப்பட்டினத்தில், ஒரு கடல் ஆய்வு நிறுவனத்தில். கரையோரத் தண்ணீரின் உப்பையும் வெப்பத்தையும் கருவியை இறக்கி அளக்க வேண்டும். இரண்டு வருடம். விடுதி அவர்களே தருவார்கள். வாரத்தில் ஒரு நாள் படகில் போக வேண்டியிருக்கும். எங்கள் ஊர் கொக்கிலமேட்டில் பெண்கள் படகில் ஏற மாட்டார்கள். என் அப்பா நீலமேகம் முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறார். அவருடைய படகை நான் கரையில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். ஆனால் இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் மீனுக்குப் போறேன். என் பொண்ணு தண்ணிய அளக்கப் போவுது" என்று கரையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

போனிலேயே நேர்காணலில் சேர முடியாது. அவர்கள் அனுப்பும் கடல்நீர் அளவுகள் அடங்கிய கோப்பைத் திறந்து, திரையைக் காட்டி விளக்க வேண்டும், லேப்டாப் கட்டாயம் என்று மின்னஞ்சலில் இருந்தது. போனிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் கொடுக்கலாம் என்றால், ஹாட்ஸ்பாட்டைப் போட்டவுடன் என் போனில் வைஃபை அணைந்துவிடும். டேட்டா இல்லை. போன மாதம் அண்ணன் அரவிந்தன் எனக்கு ரீசார்ஜ் செய்தபோது பேசுவதற்கு மட்டும் போட்டிருந்தான். "வூட்லதான் வைஃபை கீதே பாப்பா. உனுக்கு இன்னாத்துக்கு டேட்டா?" என்றான். சரி என்று பட்டது.

அவனுக்கு போன் செய்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு.

"ண்ணா, திரும்பவும் போயிடுச்சு."

"பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன். போன்ல வருது. லேப்டாப்ல மட்டும் வரல."

"பழைய லேப்டாப்பு பாப்பா அது. உப்புக்காத்துல உள்ள இன்னா இன்னா துரு புடிச்சிகினு கீதோ. நான் டூட்டில கீறேன். சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"சாயங்காலம் நல்லாத்தான் வருது."

"அப்புறம் இன்னா?" என்று வைத்துவிட்டான்.

எங்கள் கரையில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான். ஃபிரிட்ஜ், சைக்கிள், மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம். போன வாரம் கேபிள்காரர் தேவா அண்ணன் வந்து கம்பத்தில் ஏறினார். இறங்கி வந்து, உப்புக்காற்றில் லைன் போய்விட்டது, முனையை மாற்றியிருக்கிறேன் என்றார். அது கண்ணாடி இழை, துருப்பிடிக்காது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "இன்னா பாப்பா அப்டி பாக்கற? கடலாண்ட கீற வூடு. உப்புக்காத்து கண்ணாடியையே தின்னும்" என்றார். அவர் கிளம்பும்போது மணி ஐந்தரை. இணையம் வந்தது. எல்லாரும் அவரை நம்பினோம்.

இப்போது பத்தேகால். அண்ணன் வரமாட்டான். நானேதான் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பிலேயே கோளாறு பார்க்கிற வசதி ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று ஓடியது. கோளாறு எதையும் கண்டறிய முடியவில்லை என்றது. வைஃபையை மறக்கச் சொல்லி, கடவுச்சொல்லை மறுபடி கொடுத்துச் சேர்த்தேன். சேர்ந்தது. இணையம் இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். இணையம் இல்லை.  

ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்று வேலை செய்யாவிட்டால் பயந்து எல்லாக் கம்பியையும் பிடுங்கக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். எது வரைக்கும் மின்சாரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் கட்டளை எழுதுகிற கறுப்புத் திரையைத் திறந்து, லேப்டாப்பிலிருந்து வைஃபை பெட்டியான ரௌட்டருக்கு 'பிங்' என்று ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். இரண்டு மில்லிசெகண்டில் பதில் வந்தது. நான்கு முறையும் வந்தது. ஆக, லேப்டாப்பில் துரு இல்லை. ரௌட்டரைத் தாண்டி வெளியே தட்டினேன். பதில் இல்லை. ஆனால் ரௌட்டரிலிருந்து வெளியே லைன் இருக்கிறது. போன் அதைக் காட்டுகிறது.

லேப்டாப் நன்றாக இருக்கிறது. லைன் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த வெள்ளைப் பெட்டி மட்டும்தான். அது எல்லாரையும் வெளியே விடுகிறது. என்னை மட்டும் விடவில்லை.

பிறகு நேரத்தை யோசித்தேன். போன முறை பத்து மணி. இன்று பத்து மணி. நேற்றும் அதற்கு முந்தின நாளும் பகலில் வரவில்லை. நேற்று நான் ஐந்து மணிக்குத் தேநீர் போட்டுவிட்டு வந்தபோது வந்துவிட்டது. துருவுக்கு மணி பார்க்கத் தெரியாது.

சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றாமல், கழுத்தை வளைத்து அடியில் பார்த்தேன். ஒரு ஒட்டுச்சீட்டில் அதன் உள்பக்கத்துக்குப் போகும் முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. போனில் அந்த முகவரியைப் போட்டேன். யாரும் கடவுச்சொல்லை மாற்றியிருக்கவில்லை. திறந்தது.

நிறையப் பக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறாவதோ ஏழாவதோ 'பேரண்டல் கன்ட்ரோல்'. பிள்ளைகள் கெட்டுப்போகாமல் பெற்றோர் பூட்டி வைப்பதற்கான பக்கம். அதில் ஒரே ஒரு வரி இருந்தது.

பெயர்: PAPPA. நாட்கள்: திங்கள் முதல் சனி. நேரம்: பத்திலிருந்து ஐந்து வரை.

ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அந்த வரியில் இருந்ததையும் என் லேப்டாப்பில் இருந்ததையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒன்பதாவது எழுத்து வரும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் பன்னிரண்டையும் பார்த்தேன்.

எனக்கு இருபத்து மூன்று வயது. எம்.எஸ்ஸி. இயற்பியலில் கல்லூரியில் இரண்டாவது இடம். வீட்டில் எல்லாரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். தேவிப்பிரியா என்ற பெயர் சான்றிதழ்களில் இருக்கிறது.

அந்த வரியை அழித்தேன். லேப்டாப்பில் உடனே இணையம் வந்தது. மணி பத்து ஐம்பது.

பின்வாசலில் அம்மா வச்சலா உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் கூடையோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்புவாள். விற்காமல் மிஞ்சிய மீன்தான் எங்களுக்கு மதியக் குழம்பு.

"ம்மா, வைஃபைய யாரு லாக் பண்ணது?"

"இன்னா லாக்கு?"

"என் லேப்டாப்ப மட்டும் பூட்டி வெச்சிருக்கு. பத்திலருந்து அஞ்சு வரைக்கும். அண்ணன் பண்ணியிருக்கான்."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. செதில் பறந்து கல்லில் ஒட்டியது.

"அவன வையாத. நான்தான் சொன்னேன்."

கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"ஏன்மா?"

"அந்த வேல வராத மாரி பண்ணுடான்னேன். அவன் எப்டி பண்ணான்னு எனுக்குத் தெரியாது."

"போவாதன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா?" கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு நாலு நாளு சோறு துன்ன மாட்ட. உங்க நைனா உனுக்கோசரம் என்னாண்ட சண்டைக்கு வருவாரு. ஊருக்கே சொல்லிகினு திரியறாரு. வூடு ரெண்டாவும். அதுவா வரலன்னா யாருக்கும் பேஜாரு இல்ல. காத்து, கம்பின்னு போயிடும்."

"நான் போன வாட்டி ராத்திரி பூரா அழுதேன். நீ பக்கத்துலதான் படுத்திருந்த."

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். காலையில் எனக்குப் பிடிக்கும் என்று ஆப்பம் வாங்கி வந்தாள்.

"போவக் கூடாதுன்னு ஏன் நெனைக்கற? அதச் சொல்லு."

மீனைத் திருப்பிப் போட்டாள். "உங்க நைனா விடியறதுக்கு முன்ன கடலுக்குப் போறாரு. வந்தா கரையில கெடக்கறாரு. உங்க அண்ணன் காலைல போனா இருட்டி வரான். பத்து மணிக்கு நான் இந்த வூட்டுக்குள்ள வந்தா யாரு கீறா? நீ கீற. நீயும் அந்தப் பொட்டிய பாத்துகினுதான் கீற. ஆனாலும் கீற இல்ல?"

கல்லில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.  

"தொறந்துட்டியா அத?" என்றாள்.

"தொறந்துட்டேன்."

"அப்பன்னா போய்ப் பேசு. மூஞ்சியக் கழுவிகினு போ."

மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்குப் புதியவர்கள் முன்னால் குரல் எழும்பாது. முதல் கேள்விக்கு, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள். அதன் பிறகு பரவாயில்லை. உப்பை நேராக அளக்க முடியாது, தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும் என்றேன். அளவுக் கோப்பைத் திறந்து காட்டினேன். அதில் ஓர் இடத்தில் உப்பின் எண்கள் திடீரென்று குறைந்திருந்தன. மழையாக இருக்கலாம், ஆனால் வெப்பம் மாறவில்லை, அதனால் கருவியில் பாசி சிக்கியிருக்கலாம் என்றேன். நடுவில் இருந்த மூத்தவர் தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். அந்த இருபது நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது. நான் பேசுவது எனக்கே பிடித்திருந்தது.

முன்னறையில் அம்மா டிவியை அணைத்துவிட்டிருந்தாள். அவள் அங்கேதான் இருந்தாள். நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலைதான்.

அந்தப் பெண் கேட்டார். "போன முறை உங்களால் சேர முடியவில்லை. கருவிகளோடு வேலை செய்யப் போகிறீர்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடித்தீர்களா?"

சாதாரணக் கேள்விதான். நெட்வொர்க் பிரச்சினை என்றால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது கண்டுபிடித்தீர்களா என்று. கண்டுபிடித்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான். ஒவ்வொரு படியாகச் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து ரௌட்டர் வரைக்கும் வருகிறது, வெளியே போகவில்லை, மற்ற கருவிகள் போகின்றன, நேரம் எப்போதும் பத்து மணி. மூவரும் கவனமாகக் கேட்டார்கள்.

"அப்படியானால் காரணம்?"

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த சில சொற்கள் உண்டு. அவளுக்குத் தெரியாத சொல்லாகத் தேடினேன்.

"அட்மினிஸ்ட்ரேட்டர் என் லேப்டாப்பைத் தடுத்து வைத்திருந்தார்."

அந்தப் பெண் சிரித்தார். "வீட்டு வைஃபைக்கு யார் அட்மினிஸ்ட்ரேட்டர்?"

பொய் சொல்ல எனக்கு நேரம் வேண்டும். உடனே வராது.

"மை மதர்" என்றேன்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் விசிறிமட்டைச் சத்தம் நின்றது.

அந்தப் பெண்ணின் சிரிப்பும் நின்றது. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்பாகத்தான் பேசினார். "போன வருடம் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வீட்டில் அனுப்பவில்லை என்று எழுதினார். ஆறு மாதம் இடம் காலியாக இருந்தது. அந்த மழைக்காலத்தின் அளவுகளே எங்களிடம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். உங்களைத் தேர்ந்தெடுத்தால் வருவீர்களா?"

வருவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பத்து மணிக்கு இந்த வூட்டுக்குள்ள வந்தா யாரு கீறா என்று அம்மா கேட்டது காதில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. திரையில் என் முகம் ஒரு மூலையில் தெரிந்தது. அது அசையவே இல்லை.

"ஹலோ?" என்றார் மூத்தவர். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "நின்றுவிட்டது போலிருக்கிறது" என்றார். "ஹலோ, நாங்கள் பேசுவது கேட்கிறதா? மறுபடி இணைப்பு போய்விட்டதா?"

"இல்லை சார்" என்றேன். "கேட்கிறது. வருவேன்."

"சரி" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று இரவு அண்ணன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "கண்டுபுடிச்சிட்டியாமே? விஞ்ஞானிதான் போ. பாஸ்வேர்டு மாத்தி வெச்சிருக்கணும். மறந்துட்டேன்."

"காலைல போன்ல உப்புக்காத்துன்ன."

"அம்மா சொல்லச் சொன்னா சொல்றேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்ன இழுக்காத. நாஸ்தாகூட துன்னாம ஓடினேன் காலைல. சோறு போடு."

சோறு போட்டேன்.

அப்பா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு எப்படிப் போனது என்று கேட்டார். நன்றாகப் போனது என்றேன். "அப்பறம் இன்னா, பொட்டி ஒண்ணு வாங்கணும். சக்கரம் வெச்சது" என்றார்.  அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "இன்னா எல்லாம் மீன் முள்ள முழுங்குன மாரி கீறீங்க?" என்றார். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். அவரிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வூடு ரெண்டாவும் என்று அவள் சொன்ன காரணம்தான் எனக்கும் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. காலை பதினொரு மணிக்கு வந்தது. என் செயல்விளக்கம் மிகச் சிறப்பாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. தேர்வானவர் சேராத பட்சத்தில் தொடர்புகொள்வார்கள்.

அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதைப் பார்த்தாள்.

"இன்னா?"

"வரல."

புளிச்சக்கையைப் பிழிந்து எறிந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். விரலில் புளி வாசம் இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"இந்த வாட்டி நான் ஒண்ணும் பண்ணலடி பாப்பா" என்றாள். "சத்தியமா."

"தெரியும்மா" என்றேன்.